பதினாலாம் நம்பர் மிஷின் ஊசிகள்

திரும்பி வந்த அட்டைப்பெட்டிகளை மேனேஜர் என் மேசைக்கு முன்னால் இறக்கி வைக்கச் சொன்னார். ஆறு பெட்டிகள். எல்லாம் நாங்கள் தைத்து அனுப்பிய குழந்தை உடுப்புகள். இளமஞ்சள் நிறம், நெஞ்சில் ஒரு வாத்துப் படம், ஆறு மாதக் குழந்தைக்குப் போடுகிற அளவு. வாங்குகிறவர்களின் ஆள் அதில் கொஞ்சத்தை எடுத்துத் துவைத்துப் பார்த்திருக்கிறார். துவைத்த பிறகு தோள் தையலை ஒட்டிக் கடுகளவு ஓட்டைகள் வந்திருந்தன.

நான் துவைக்காத பீஸ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஓர் இழை அறுந்து, அதன் பக்கத்து வளையம் மெல்லப் பிரிந்துகொண்டிருந்தது.

பின்னலாடையில் இது எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பனியன் துணி நூல் வளையங்களால் ஆனது. அதைத் தைக்கிற ஊசிக்கு முனை கூர்மையாக இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவில் உருண்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஊசி நூலை ஒதுக்கிவிட்டு இடைவெளியில் இறங்கும். முனை சரியில்லையென்றால் நூலைக் குத்தி அறுத்துவிடும். அறுத்த இடம் அன்றைக்குத் தெரியாது. இஸ்திரி போட்டு மடித்துப் பையில் போடும்வரை தெரியாது. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு தாய் துவைத்துக் காயப்போடும்போதுதான் தெரியும்.

இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். பத்து வருடம் திருப்பூரில் பவர் டேபிளில், அதாவது பனியன் தைக்கிற மிஷின் வரிசையில், இருந்தவள் நான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, டெய்லருக்குத் துணி எடுத்து மடித்துக் கொடுக்கிற கைமடியாகச் சேர்ந்து, தையல் பழகி, கடைசியில் லைன் சூப்பர்வைசர் ஆனவள். அப்படியிருந்தும் எனக்கு முதலில் ஊசி மேல் சந்தேகம் வரவில்லை. ஆள் மேல்தான் வந்தது.

ஒவ்வொரு பண்டலிலும் தைத்தவரின் மிஷின் நம்பர் ஒட்டியிருக்கும். ஓட்டை இருந்த பீஸ்களைப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம். பத்தில் எட்டு பதினாலாம் நம்பர். அது சேவூர் அக்காவுடைய ஓவர்லாக் மிஷின்.

அந்த அக்கா எங்கள் லைனிலேயே சுத்தமாகத் தைக்கிறவர். தினமும் கம்பெனி வேனில் சேவூரிலிருந்து வருவார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். என்னை மற்ற டெய்லர்கள் மேடம் என்பார்கள். அவர் மட்டும் கண்ணு என்று கூப்பிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம் தினமும் தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்தவர். அவர் நம்பர்தான் என்று தெரிந்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இவரே இப்படிச் செய்தால் மற்றவர்களை நான் என்ன சொல்வது என்கிற கோபம்.

மேனேஜர் லைனுக்கே வந்துவிட்டார். மிஷின்களை நிறுத்தச் சொன்னார். முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, "இது யாரு தெச்சது?" என்று பீஸை ஆட்டிக் காட்டினார்.

அக்கா எழுந்து நின்றார். "நாந்தானுங்க."

"துணிய இழுத்து இழுத்துத் தெச்சா ஓட்டை விழாம என்னங்க பண்ணும்?"

"நான் இழுக்கறதில்லீங்க. மிஷின் எடுக்கற வேகத்துக்குத்தானுங்க உடறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு முதலில் மிஷினைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"இழுக்கத்தான் செய்யுதீங்கக்கா. டார்கெட்டுக்கு அவசரப்பட்டா இப்படித்தான் ஆகும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. காது சரியாகக் கேட்கவில்லையோ என்பது போல் பார்த்தார். பிறகு, "சரிங்க மேடம்" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே அவரை மிஷினிலிருந்து எடுத்து நூல் வெட்டும் மேசையில் உட்கார வைத்தார் மேனேஜர். இருபது வருடம் தைத்தவர், புதிதாகச் சேர்ந்த பெண்களோடு உட்கார்ந்து கத்தரியால் பிசிறு நூல் வெட்டினார். மூன்று நாள் வந்தார். நான்காம் நாள் வேன் வந்தது, அவர் வரவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. மேனேஜர் ஒரு ரிப்போர்ட் எழுதி வாங்குகிறவர்களுக்கு அனுப்பினார். தவறாகத் தைத்த டெய்லர் நீக்கப்பட்டார், எல்லா மிஷின்களிலும் தினமும் ஊசி மாற்றப்படுகிறது என்று அதில் இருந்தது.

தினமும் ஊசி மாற்றுவது புது விஷயம் இல்லை. அது ஏற்கெனவே எங்கள் விதி. பழைய ஊசியை என் மேசையில் கொடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, புது ஊசி வாங்கிக்கொள்ள வேண்டும். விதி இருந்ததே தவிர, யாரும் பின்பற்றவில்லை. எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுத் திரும்புகிற நேரத்தில் இருபது பீஸ் தைக்கலாம் என்று உடைகிறவரைக்கும் அதே ஊசியை ஓட்டுவார்கள். நானும் கண்டுகொள்ள மாட்டேன். இப்போது ரிப்போர்ட்டில் எழுதியாகிவிட்டதால், தினமும் காலையில் நானே மிஷின் மிஷினாகப் போய் ஊசி கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் ஓட்டை எல்லா மிஷினிலும் வந்தது.

பதினாலில் மட்டும் இருந்தது இப்போது நாலிலும் ஒன்பதிலும் இருபத்திரண்டிலும் வருகிறது. டெய்லர்களைத் திட்டினேன். பதினாலில் உட்கார வைத்திருந்த பீகார் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கத்தினேன். அவள் அழுதாள். மெக்கானிக் மிஷின்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஊசி இறங்குகிற தட்டில் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தார், நூலை வளையமாக்குகிற லூப்பரைக் கழற்றிப் பார்த்தார், துணியை நகர்த்துகிற பல்லின் உயரத்தைக் குறைத்தார், டென்ஷனைத் தளர்த்தினார். மூன்று நாள் இதே வேலை. துணி சரியில்லை என்று சாயம் போடுகிற டையிங்காரர்களிடம் சண்டை போட்டோம். அவர்கள் நூல் சரியில்லை என்றார்கள். நூல் கடைக்காரர் எங்கள் மிஷின் சரியில்லை என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் நம்பரில் ஊசி உடைந்தது. குழந்தை உடுப்பு என்பதால் உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பண்டலையே ஒதுக்க வேண்டும். டார்ச் அடித்துத் தேடி மூன்று துண்டையும் எடுத்தேன். ஒட்டும்போது அதற்கு முந்தைய பக்கத்தையும் எதேச்சையாகப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன் உடைந்த ஊசி அங்கே இருந்தது. அதன் தண்டில் சைஸ் நம்பர் ஆழமாக, ஒரே சீராக வெட்டியிருந்தது. இப்போது உடைந்ததில் அதே நம்பர் மேலோட்டமாகக் கீறிவிட்ட மாதிரி, கொஞ்சம் சாய்ந்து இருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பல்லடத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். என் பெட்டியிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்து அதன் முனையைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து மெதுவாக இழுத்தார். நகத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. டெய்லர்கள் முன்பு என் மேசையில் திருப்பிக் கொடுத்திருந்த பழைய ஊசிகளில் ஒன்றை எடுத்து அதே மாதிரி இழுத்தார். கோடு விழவில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

"ஏனுங்க மேடம், இது டூப்ளிகேட்டுங்க" என்றார்.

"பாக்கெட்ட பாருங்கண்ணே. ஸ்டிக்கர் மின்னுது, சீல் இருக்கு, எல்லாம் இருக்கு."

"பாக்கெட் நல்லாத்தானுங்க இருக்குது. ஊசிதானுங்க செரியில்ல."

அந்தப் பாக்கெட்டில் இருந்த பத்து ஊசியையும் நகத்தில் இழுத்துப் பார்த்தோம். இதில்தான் என் எரிச்சல் உச்சிக்குப் போனது. பத்தும் மோசமாக இருந்திருந்தால் என்றைக்கோ கண்டுபிடித்திருப்போம். ஆறு ஊசி வழுக்கிக்கொண்டு போனது. நான்கு கீறியது. போலி செய்கிறவன் அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. நல்லதும் கெட்டதுமாக வந்ததால் இன்றைக்கு ஓட்டை வரும், நாளைக்கு வராது, நாமும் ஆளைத் திட்டிக்கொண்டே இருப்போம்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ஊசி வாங்குகிற நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இந்த ஊசிப் பெட்டி வந்த நாளிலிருந்து திரும்பி வந்த சரக்கைத் தைத்த நாள்வரைக்கும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மற்ற டெய்லர்களின் கையெழுத்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது. அவர்கள் பெரும்பாலும் பழைய நல்ல ஊசியை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். பதினாலாம் நம்பருக்கு எதிரே மட்டும் தினமும் கையெழுத்து இருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை. விதிப்படி தினமும் என்னிடம் வந்து, என் கையால் புது ஊசி வாங்கிக்கொண்டு போய் மாட்டியவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் கெட்ட ஊசி எல்லாம் அவருக்குப் போயிருக்கிறது.

அந்தப் பக்கங்களை மடித்து அடையாளம் வைத்தேன்.

மறுநாள் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ராயபுரத்துக்குப் போனேன். எங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வருகிற கடை அங்கே இருக்கிறது. கடைக்காரர் மரியாதையானவர். பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கடையில போனதுதானுங்க. ஒரிஜினலுங்க."

"பாக்கெட் ஒரிஜினல் சரி. உள்ள இருக்க ஊசி?"

"சீல் போட்டு வர்றதுங்க. உள்ளுக்குள்ள நான் எப்படிங்க பாக்க முடியும்?"

நான் நகத்தில் இழுத்துக் காட்டினேன். அவரும் தன் நகத்தில் இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் எழுத்து சற்று மங்கலாக இருந்தது. நான் அதைத்தான் போலி என்று காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது ஊசிக் கம்பெனி ஏஜென்டு கையால குடுத்ததுங்க. உங்க கையில இருக்கறதுதான் பளிச்சுனு இருக்குது. இப்பெல்லாம் டூப்ளிகேட்டுக்காரன்தானுங்க நல்லா பிரிண்ட் போடறான்."

"அப்ப எங்களுக்கு எப்படி இது வந்துச்சு?"

அவர் தயங்கினார். "உங்க பர்ச்சேஸ்ல இருந்து அவசரம்னு கேட்டாங்க. ஏஜென்டு சரக்கு வர ஒரு வாரம் ஆகும்னு சொன்னேன். பரவால்ல, எங்கிருந்தாச்சும் எடுத்துக் குடுங்கன்னாங்க. வெளிய ஒருத்தருகிட்ட எடுத்துக் குடுத்தனுங்க. நானும் ஒரிஜினல்னு நெனச்சுத்தானுங்க குடுத்தேன்."

அவர் சொன்னது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரைத் திட்டிவிடத்தான் போனேன். ஆனால் நானே இப்போதுதான் நல்ல பாக்கெட்டைப் போலி என்று கைகாட்டியிருந்தேன். என்ன சொல்லித் திட்டுவது?

கம்பெனிக்குத் திரும்பி மேனேஜரின் அறைக்குப் போய், ஊசி, ரிஜிஸ்டர், கையெழுத்து நோட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அவர் புத்திசாலி. நான் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார்.

"இருக்கற ஊசிய பூரா தூக்கிப் போட்ருங்க. நாளையில இருந்து ஏஜென்டுகிட்ட நேராவே எடுத்துக்கலாம்."

"சார், அந்த அக்கா?"

"எந்த அக்கா?"

"சேவூர் அக்கா. அவங்க மேல தப்பே இல்லையே சார். ரிப்போர்ட்ட மாத்தி எழுதணும்லா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மேடம், ஊசியே டூப்ளிகேட்டுன்னு நாம எழுதிக் குடுத்தா, இனி வர்ற ஒவ்வொரு லாட்டையும் துவைச்சுப் பாப்பாங்க. பட்டன் ஒரிஜினலா, எலாஸ்டிக் ஒரிஜினலான்னு கேள்வி வரும். ஒரு டெய்லர் தப்புன்னா அதோட முடிஞ்சுது. முடிஞ்சத எதுக்குங்க நோண்டறீங்க?"

"அப்ப அவங்களக் கூப்பிட்டாவது வேலை குடுக்கலாம்ல சார்?"

"வந்தா வரட்டுங்க. நான் வேண்டாம்னு சொல்லலியே."

நோட்டையும் ரிஜிஸ்டரையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அவிநாசிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து சேவூர் போனேன். வேன் டிரைவர் வழி சொல்லியிருந்தார். ஓட்டு வீடு, முன்னால் ஒரு வேப்பமரம், பக்கத்தில் மக்காச்சோளக் காடு. அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மேடம். ஊட்டுக்குள்ள வாங்க."

மோர் கொடுத்தார். அவர் கணவர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுக் காட்டுப் பக்கம் போய்விட்டார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். கையோடு கொண்டுபோயிருந்த ஊசி இரண்டையும் எடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றன் பின் ஒன்றாகத் தன் நகத்தில் இழுத்துப் பார்த்தார்.

"அப்ப நான் இழுக்கல."

"இல்லக்கா. நீங்க இழுக்கல. நான் பாக்காமச் சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்."

"எனக்குமே சந்தேகம் வந்துருச்சுங்க மேடம்" என்றார் அவர். "மூணு நாளும் நூலு வெட்டிட்டு உக்காந்திருக்கையில, நெசமாவே என்ற கைதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். வயசாச்சு, கண்ணு மங்கிருச்சு, அதான் தெரியலியாட்ட இருக்குதுன்னு நெனச்சு, ஊட்டுல வந்து பழைய துணிய வெச்சு வெச்சுத் தெச்சுப் பாத்தேன். ஓட்டை வரவே இல்ல. அப்பறமும் நம்பிக்க வர்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வேலைக்கு வாங்கக்கா. நான் மேனேஜர்ட்ட பேசிட்டேன்."

"நீங்க சொன்னது எங்க வெச்சுங்க? லைன்ல வெச்சு. முப்பது பேரும் கேட்டாங்க. இப்ப இல்லைன்னு சொல்றது எங்க வெச்சு? என்ற ஊட்டு வாசல்ல. நானும் நீங்களும்தான் இருக்கறோம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அங்க வெச்சுச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லுதேன்க்கா."

"செரிங்க. மோர் குடிங்க, ஆறிப்போகாது, ஆனா ஈ உழும்."

திங்கட்கிழமை காலையில், லைன் ஓடுவதற்கு முன் எல்லாரையும் நிற்கவைத்து அன்றைய வேலையைச் சொல்வது என் வழக்கம். மேனேஜர் அன்று வந்துவிட்டாரா என்றுகூடப் பார்க்கவில்லை. ஓட்டை விழுந்ததற்குக் காரணம் போலி ஊசி, அந்த ஊசியைக் கொடுத்தவள் நான், சேவூர் அக்கா தையலில் எந்தத் தப்பும் இல்லை, நான் அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொன்னேன். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. முன்வரிசையில் நின்ற பெண் ஒருத்தி பின்னால் திரும்பி இந்தியில் சொன்னாள். நான் திட்டி அழவைத்த பீகார் பெண் அதைக் கேட்டுவிட்டு, "மேரா பீ நஹீ?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். தன் மேலும் தப்பில்லையா என்று கேட்கிறாள். "இல்லம்மா, உன் மேலயும் இல்ல" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். எல்லாருமே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நிமிடத்தில் மிஷின்கள் ஓடத் தொடங்கின.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் கழித்து என்னை லைனிலிருந்து செக்கிங் மேசைக்கு மாற்றினார். ஊசிப் பெட்டி ஸ்டோருக்குப் போனது. செக்கிங்கில் இப்போது நான் பார்க்கிற ஒவ்வொரு பீஸையும் தோள் தையலில் இழுத்துப் பார்க்கிறேன். இதனால் ஒரு நாளைக்கு நான் பார்க்கிற பீஸ் கணக்குக் குறைகிறது என்று அங்கேயும் பேச்சு வாங்குகிறேன். ஏஜென்டிடமிருந்து நேராக ஊசி வருகிறது என்கிறார்கள். ஆனால் போன மாதம் மறுபடி இரண்டு பீஸில் ஓட்டை பார்த்தேன். ஸ்டோருக்குப் போய்க் கேட்டால், "ஒரிஜினல்தாங்க மேடம், பில் பாக்கறீங்களா?" என்கிறார்கள். பில்லை வைத்து நான் என்ன செய்வது?

அக்கா வரவில்லை. லைனில் நான் பேசியது வேனில் போகிறவர்கள் மூலம் அன்றைக்கே அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஆனாலும் வரவில்லை. ஊரிலேயே இன்னொரு பெண்ணோடு சேர்ந்து இரண்டு ஓவர்லாக் மிஷின் போட்டு, சின்னச் சின்ன ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன் அவரே போன் செய்தார். எடுத்தவுடனே, "கண்ணு, ஒண்ணு கேக்கோணும்" என்றார்.

"சொல்லுங்கக்கா."

"ஊசி வாங்கோணும். எந்தக் கடையில வாங்கினா நம்பி வாங்கலாம்? உனக்குத்தான தெரியும்."

எனக்குத் தெரிந்த கடைகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

"எனக்கே தெரியலக்கா" என்றேன். "எங்க வாங்கினாலும் மாட்டுறதுக்கு முன்னாடி நகத்துல இழுத்துப் பாத்துருங்க."

"அட அதத்தான் கண்ணு நானும் பண்ணீட்டு இருக்கறேன்" என்றார் அவர். "நேத்து ஒரு பாக்கெட்டுல பத்துக்கு ஏழு கீறுச்சு."